முகம் தேடி வருகிறவர்கள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு கொமினிக்கேசன் கடையில் வேலை செய்கிறேன். ரீலோட், போட்டோக்கொப்பி, லமினேட், பாஸ்போர்ட் அளவுப் படம் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது. பலகையில் இல்லாத வேலைதான் என் நாளில் பாதியை எடுக்கிறது. பேஸ்புக் திறந்து கொடுக்க வேண்டும், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கி அச்சடிக்க வேண்டும். "ஒருக்கா இந்தப் பேரைத் தேடிப் பார் பிள்ளை" என்று நீட்டப்படும் துண்டுக் காகிதத்தை வாங்கித் தேடவும் வேண்டும்.

சமூக வலைத்தளங்கள் எல்லோரையும் தன்னைத் தானே காட்டிக்கொள்ளப் பழக்கிவிட்டன என்று நிறைய எழுதுகிறார்கள். டிக்டொக்கில் இருக்கும் இளம் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நாற்பது வயது தாண்டிய ஒருவர் என் மேசைக்கு முன்னால் இருந்து கணக்குத் திறக்கும்போது நடப்பது வேறு. பிடித்த பாட்டு, பிடித்த படம் எதுவும் அவருக்குத் தேவையில்லை. படித்த பள்ளிக்கூடமும் இடம்பெயர முன் இருந்த ஊரும் சரியாக வரவேண்டும். "முள்ளியவளை வித்தியானந்தா எண்டு போடு, அப்பத்தான் பெடியள் கண்டுபிடிப்பாங்கள்" என்பார். இப்போது இருக்கும் ஊரைப் போட வேண்டாம் என்றுகூடச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊரில் தன்னை யாரும் தேடமாட்டார்களாம்.

பெயரும் அப்படித்தான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். எங்களிடம் குடும்பப்பெயர் ஏது? தகப்பன் பெயர்தான். கலியாணம் முடித்த பெண்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள். அடையாள அட்டையில் என்ன இருந்தாலும், கூடப் படித்தவளுக்குத் தகப்பன் பெயர்தானே தெரியும்? கடைசியில் அதைத்தான் போடுகிறார்கள். தேடுகிறவருக்கு எந்தப் பெயர் தெரியுமோ அந்தப் பெயரோடுதான் இங்கே ஒருவர் உள்ளே போகிறார்.

இதற்குக் காரணம் நாங்கள் வந்த வழி. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 பாதை மூடப்பட்டது. அதற்கு அடுத்த மாதம் 26ஆம் திகதி, 13 வயது தாண்டிய எவரும் சேரலாம் என்று பேஸ்புக் தன் கதவைத் திறந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் அதில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் முழுக்க நாங்கள் இருந்த வன்னி பூட்டிக் கிடந்தது. பிறகு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடி, 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் போய் நின்றபோது, சிலர் கையில் ஆவணப் பை இருந்தது. அல்பம் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. குழந்தையைத் தூக்குகிறவர் அல்பத்தைத் தூக்க முடியாது.

அதனால் பிழைத்த படங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே தபாலில் வெளிநாடு போனவை. கலியாணவீடு, பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று கனடாவுக்கும் பாரிசுக்கும் அனுப்பிய படங்கள் இப்போது பேஸ்புக் வழியாகத் திரும்பி வருகின்றன. ஓர் அக்கா தன் சாமத்தியவீட்டுப் படத்தை போனில் கொண்டுவந்தார். பாரிசில் இருக்கும் மச்சாள் போட்டிருந்தாராம். அந்த வயதில் தான் எப்படி இருந்தோம் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அது. நடுவில் பட்டுச்சேலையோடு அவர். பின்னால் ஓரத்தில், பாதி மறைந்தபடி அவருடைய தகப்பன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னை வெட்டிப்போட்டு ஐயாவைப் பெரிசாக்கித் தா" என்றார். நான் யார் என்ற கேள்விக்கு அவர் தந்த பதிலாகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா முகத்தையும் அப்படித் திருப்பி வைத்துவிட முடியாது. சில வீடுகளில் பிள்ளையின் கடைசிப் படம் சீருடையில் எடுத்தது. புலிகள் இயக்கம் பேஸ்புக்கின் தடைப்பட்டியலில் இருப்பதால் அப்படிப்பட்ட படங்கள் நீக்கப்படுகின்றன, கணக்கே முடங்குவதும் உண்டு. 2020, 2021 ஆண்டுகளில் முகநூல் பதிவுகளைக் காட்டிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆட்களைப் பிடித்ததும் சனத்துக்கு நினைவிருக்கிறது. ஆகவே கழுத்துக்குக் கீழே வெட்டி, கோடு போட்ட சட்டை ஒன்றை ஒட்டித் தரச் சொல்கிறார்கள். நானும் செய்து கொடுக்கிறேன். நினைவுநாள் பதிவில் போக வேண்டிய படம் அது. ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தைக் காட்டுவதற்கு இன்னொருவரின் சட்டையைக் கடன் வாங்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கையில் பிடிக்கும் படங்களை லமினேட் செய்ய இப்போதும் வருகிறார்கள். அடையாள அட்டையில் இருந்து பெரிதாக்கிய படங்கள். மூக்கும் கண்ணும் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஓர் அம்மா கேட்டார், "உது ஆளின்ர முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லுமாமே, மெய்யோ? என்ர பெடியன்ர முகத்தைக் குடுத்தா எங்க நிக்கிறான் எண்டு சொல்லாதோ?" பேஸ்புக்கில் அப்படி ஒரு வசதி இருந்தது. படத்தில் இருப்பவர் இன்னார் என்று நண்பர்களுக்கு எடுத்துக்கொடுத்தது. 2021 நவம்பரில் அதை நிறுத்துவதாகவும், நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகத் தரவை அழிப்பதாகவும் நிறுவனம் அறிவித்தது. கண்காணிப்புக்குப் பயன்படும் என்று உலகம் அஞ்சியது நியாயம்தான்; எங்கள் ஊருக்கு அந்த அச்சம் நன்றாகத் தெரியும். அந்த அம்மாவுக்கு, அது கணக்கு உள்ளவர்களின் முகத்தை மட்டுமே அறியும், உங்கள் மகன் கணக்குத் திறக்கவே இல்லையே அம்மா என்று சொன்னேன். "அப்ப நான் திறக்கிறன், அவன் என்னைத் தேடட்டும்" என்றார். திறந்து கொடுத்தேன். தன்னுடைய படத்தைப் போடச் சம்மதித்தார். மகன் கடைசியாகப் பார்த்த முகம் போல இல்லையே என்று மட்டும் கவலைப்பட்டார்.

செத்தவீடுகளுக்கு நேரலை பிடிக்கவும் எங்கள் கடையிலிருந்து போகிறார்கள். இங்கே காலை பத்து மணிக்குப் பிரேதம் எடுத்தால் கோடைகாலத்து ரொறன்ரோவில் இரவு பன்னிரண்டரை. வர முடியாத மகன் விழித்திருந்து பார்க்கிறான். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கும்போது அவனுக்குத் தெரிகிற மாதிரிக் கமராவைத் திருப்ப வேண்டும். இதையெல்லாம் வேடிக்கை என்று கதைப்பவர்கள் ஒருமுறை அந்த மகனோடு போனில் பேசிப் பார்க்கட்டும்.

எனக்கு இருக்கும் பயம் வேறு. இவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பி வந்த படங்கள் ஒரு கடவுச்சொல்லுக்குள் இருக்கின்றன. போன் நம்பர் மாறியதும் கணக்குப் போய்விட்டது என்று வருகிறவர்கள் ஏராளம். மீட்க முடிவது சிலருக்குத்தான். அதனால் யார் வந்தாலும் படங்களைப் பென்டிரைவில் ஏற்றி, முக்கியமானதை அச்சடித்து, பின்பக்கத்தில் பெயரை எழுதிவைக்கச் சொல்கிறேன். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்த முகங்கள் ஒன்றும் தெரியாது.

வெளிநாட்டில் பழைய அல்பம் வைத்திருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். படத்தைப் போடும்போது ஓரத்தில் நிற்கிறவர்களை வெட்டாமல் போடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, போடுங்கள். இங்கே யாராவது பார்த்துச் சொல்லுவார்கள்.