தானாகப் பருத்த பிளக் கேஜ்

இறுதி அளவுக்குக் கிரைண்டிங் செய்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்த 20 மில்லிமீட்டர் பிளக் கேஜ் (துளையின் அளவைச் சரிபார்க்கும் உருளைக் கருவி) ஒன்று, யாரும் தொடாமலேயே சில மாதங்களில் நான்கு மைக்ரான் (0.004 மில்லிமீட்டர்) பருத்திருந்ததைக் கண்டு, முதலில் மைக்ரோமீட்டரைத்தான் சந்தேகித்தேன். தவறு என்னுடையதே. ஏறத்தாழ 1 சதவீதக் கார்பனும் 1.5 சதவீதக் குரோமியமும் கொண்ட பேரிங் எஃகை 840 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி எண்ணெயில் தோய்க்கும்போது, சூட்டில் உருவான ஆஸ்டினைட் என்ற படிக அமைப்பு பெரும்பாலும் மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறினாலும், ஒரு பகுதி மாறாமல் எஞ்சிவிடுகிறது. அது பின்னர் மெல்ல மாறும்போது, மார்ட்டென்சைட்டுக்குக் கூடுதல் இடம் தேவைப்படுவதால் பாகம் பருக்கிறது. இப்போதெல்லாம் தோய்த்த கையோடு எஞ்சிய ஆஸ்டினைட்டில் பெரும்பகுதியும் மாறும்படி மைனஸ் 80 டிகிரி வரை குளிர்வித்து, அதன்பின் 160 டிகிரியில் டெம்பரிங் (நொறுங்கும் தன்மை குறைய மீண்டும் மிதமாகச் சூடாக்குதல்) செய்த பிறகே கிரைண்டிங்குக்கு அனுப்புகிறேன். கடினத்தன்மை ராக்வெல் சி அளவுகோலில் 62 அருகே நிற்கிறது.

மெல்லிய, நீண்ட தண்டுகளுக்கு இந்த முறை ஒத்துவராது, வளைந்துவிடும். அவற்றுக்கு நைட்ரைடிங்குக்கு (மேற்பரப்பில் நைட்ரஜனை ஊடுருவச் செய்து கடினமாக்கும் முறை) உரிய எஃகை எடுத்து, அம்மோனியா வாயுவில் 520 டிகிரியில் வைப்பதே என் தேர்வு. தோய்ப்பதே இல்லை என்பதால் கோணல் மிகக் குறைவு. ஆனால் 40 மணி நேரம் காத்திருந்தாலும் கடினப் படலம் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது.