கிண்ணம் அடிக்க ஒரு பட்டம்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் நகை, வெள்ளி வேலைக்கான கலைப் பட்டப்படிப்பு படிக்கிறேன் என்று சொன்னதும் இங்கிருக்கும் தமிழர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு எதுக்கும்மா பிளைட் ஏறணும், ஊர்லயே ஒரு பத்தர்கிட்ட உட்கார்ந்தா போதாதா?" என் அப்பாவே பத்தர்தான். கும்பகோணத்தில் சின்னப் பட்டறை. அதில் அண்ணன் உட்கார்ந்தான், யார் யார் வீட்டுப் பையன்களோ வந்து தொழில் பழகிக்கொண்டு போனார்கள். எனக்குக் கிடைத்தது சாயங்காலம் பட்டறையைக் கூட்டி, தங்கத்தூள் கலந்த அந்த மண்ணை டப்பாவில் சேர்க்கும் வேலை மட்டும். அதனால் பிளைட் ஏறத்தான் வேண்டியிருந்தது.

வந்து இறங்கிய ஊர் பற்றிக் கொஞ்சம். ஜுவல்லரி குவார்ட்டர் என்று ஒரு பகுதியே நகைத் தொழிலுக்காக இருக்கிறது. விட்டோரியா ஸ்ட்ரீட்டில் 1890-லேயே நகைக்கென்று பள்ளி தொடங்கியிருக்கிறார்கள். இப்போது அது பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அதற்கும் முன்னால், 1773-ல், மேத்யூ போல்டன் என்ற இந்த ஊர்த் தொழிலதிபர் பார்லிமென்ட் வரை மல்லுக்கட்டி, வெள்ளியின் சுத்தத்தைச் சோதித்து முத்திரை குத்தும் தர முத்திரை அலுவலகத்தை இந்த ஊருக்கு வாங்கிக் கொடுத்தார். அதுவரை வெள்ளிச் சாமான்களை முத்திரைக்காக செஸ்டர் என்ற ஊர் வரை வண்டியில் அனுப்பிக்கொண்டிருந்தாராம். பர்மிங்காமின் முத்திரை நங்கூரம். கடல் பக்கத்தில்கூட இல்லாத ஊருக்கு நங்கூரம்!

முதலில் சிரமப்பட்டது மொழியோ குளிரோ இல்லை, உட்காருவதுதான். அப்பா தரையில் சம்மணம் போட்டு, தேவைப்பட்டால் கால் விரலையே குறடு மாதிரி வைத்து வேலை செய்வார். இங்கே மேசை நெஞ்சு உயரத்துக்கு இருக்கும், அரைவட்டமாக வெட்டியிருப்பார்கள், நடுவில் அராவும் மரக்கட்டை, கீழே மடியில் விழுவது போல ஒரு தோல். அராவிய தூள் எல்லாம் அந்தத் தோலில் விழுந்து சேரும், அதைச் சுத்திகரிப்பவருக்கு விற்பார்கள். இதை ஆசிரியர் பெரிய விஷயமாக விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வகுப்பிலேயே இந்த ஒரு பாடத்தில் என்னைவிட அனுபவசாலி யாரும் கிடையாது.

அப்புறம் விதிகள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனிப் பயிற்சி முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் தொட விடுவார்கள். துப்பட்டா கூடாது, வளையல் கூடாது, முடியை இறுக்கிக் கட்டணும். காய்ச்சிய உலோகத்தைச் சுத்தம் செய்யும் அமிலத்தில் இரும்புக் குறடு விட்டால் கத்துவார்கள், ஏனென்றால் அதில் கரைந்திருக்கும் செம்பு வெள்ளி மேல் போய்ப் படிந்துவிடும். வெங்காரக் கட்டியைத் தண்ணீர் விட்டு இழைத்துப் பற்றவைப்பது மட்டும் எங்கள் வீட்டில் பார்த்தபடியே இருந்தது. மாலையானால் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். முகூர்த்த மாதத்தில் நடுராத்திரி வரை தட்டுச் சத்தம் கேட்டுத் தூங்கிப் பழகியவளுக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

முதல் டெர்ம் முழுக்க ஒரு செம்புக் கிண்ணம். வட்டத் தகட்டை இரும்பு முளை மேல் சாய்த்து, நடுவிலிருந்து விளிம்பு வரை சுற்றுச் சுற்றாக வெளிப்புறமாகவே அடித்து எழுப்ப வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் செம்பு முறுக்கேறிவிடும். மங்கலான சிவப்பு வரும் வரை காய்ச்சி, தண்ணீரில் முக்கி, அமிலத்தில் போட்டு எடுத்தால் மறுபடி இளகும். அப்புறம் அடுத்த சுற்று. வீடியோ காலில் பார்த்த அப்பா, "ஏம்மா, ஒரு கிண்ணத்துக்கு ஒரு டெர்மா?" என்றார். ஆனால் வெள்ளிக்கு மாறியபோது அவர்தான் கைகொடுத்தார். 925 வெள்ளியில், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு மட்டும் வெள்ளியாக இருப்பதில், செம்பு கலந்திருப்பதால் காய்ச்சக் காய்ச்ச உள்ளே சாம்பல் ஊதாவாக ஒரு கறை பிடிக்கும், மெருகு போட்டால்தான் அது வெளியே தெரியும். "திரும்பத் திரும்பக் காய்ச்சி அமிலத்துல போடு, மேல வெறும் வெள்ளி வந்து மூடிக்கும், அதுக்கப்புறம் அழுத்தித் தேய்க்காதே" என்றார். அது கறையை எடுக்காது, மறைக்கும். இங்கே சிலருக்கு அது ஏமாற்று வேலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்தப் படிப்பில் எனக்கு உண்மையிலேயே அந்நியமாக இருந்தது சுத்தியல் இல்லை, பேச்சு. கிரிட்டீக் என்று ஒரு வகுப்பு. செய்ததை மேசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். ஏன் இந்த விளிம்பு, ஏன் சுத்தியல் தழும்பை விட்டாய், யார் கையில் இது இருக்கப்போகிறது என்று சுற்றி நின்று கேட்பார்கள். ஸ்கெட்ச்புக்குக்கும் கெட்டுப்போன மாதிரித் துண்டுகளுக்கும்கூட மார்க் உண்டு. எங்கள் வீட்டில் வேலையைப் பற்றிப் பேச்சே கிடையாது. சரியாக வந்தால் மௌனம், வரவில்லை என்றால் மறுபடி உருக்குவதுதான். ஆரம்பத்தில் இந்தப் பேச்செல்லாம் வெட்டி என்று நினைத்தேன், பாதி இப்போதும் வெட்டிதான். மீதிப் பாதி இல்லாவிட்டால் நான் அப்பாவின் கிண்ணத்தையே அடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

வர நினைப்பவர்களுக்குக் காசு விஷயம்: கருவியும் வெள்ளியும் பெரும்பாலும் நம் செலவு, எனவே கட்டணம் கட்டும் முன்னே பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், நான் சோஹோ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறேன். சுயதொழில் அறவே கூடாது, அதாவது நான் செய்த மோதிரத்தை நானே கடை போட்டு விற்க முடியாது! அரிசி மூட்டை விற்கலாம்.

படிப்பு முடிந்து, இங்கேயே தங்கி வேலை பார்க்க விடும் கிராஜுவேட் விசா கிடைத்தால் அந்தத் தடை இல்லை. ஆனால் 7.78 கிராமுக்கு மேல் எடையுள்ள வெள்ளியை வெள்ளி என்று சொல்லி விற்க முத்திரை வேண்டும், அதற்குக் குறைந்தது இரண்டு எழுத்தில் நம் பெயர்க் குறியைப் பதிவு செய்ய வேண்டும். எனக்குக் குடும்பப் பெயர் ஏது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர்தான், எனவே அவர் எழுத்தும் என் எழுத்தும். அண்ணன் இப்போதே, கொலுசு அனுப்புறேன், உன் முத்திரையில போட்டு வித்துடலாம் என்கிறான். அனுப்பு, முதலில் நான் பார்த்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று நாலு கேள்வி கேட்பேன், பதில் சரியாக இருந்தால்தான் முத்திரை என்று சொல்லியிருக்கிறேன்.