பிக்கப்பில் ஷாஃப்ட் அதிர்வு: பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

வேகம் எண்பது கி.மீ.யைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம், உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கலாகத் தெரிகிறது. பிக்கப்பில் இப்படி வந்தால் முதலில் ஷாஃப்ட்டை (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்) நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், அடுத்து அதன் முனைகளில் மடங்கும் இணைப்பான கிராஸ், கடைசியில் ஷாஃப்ட் பேலன்ஸிங் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவதுதான் வழக்கம். இதில் நல்ல பாகங்களும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. அதிர்வு எந்தப் பாகத்தின் சுழற்சியோடு வருகிறது என்று தெரியும்வரை ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

அதிர்வு வரும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். என்ஜின் சுற்று ஏறியும் அதிர்வு மாறவில்லை என்றால் என்ஜினையும் கிளட்ச்சையும் விட்டுவிடலாம். ஆக்சிலேட்டரை மிதித்தால் வந்து, காலை எடுத்தால் மறைகிறதா? ஜாயின்ட் கோணத்தையோ (கிராஸ் மடங்கி நிற்கும் அளவு) பினியனையோ (பின் ஆக்சிலுக்குள் ஷாஃப்ட் திருப்பும் பல்சக்கரம்) சந்தேகப்படுங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, வேகத்தோடு ஏறினால் பேலன்ஸ், வளைவு, டயர். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறி, 40-க்குள் அடங்கிவிட்டால், இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் சென்டர் பேரிங் ரப்பரும் அதன் உயரமும்தான் முதல் சந்தேகம்.

அடுத்தது கணக்கு. 245/70 R16 டயரின் சுற்றளவு சுமார் 2.35 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 12 முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4 (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4 சுற்று) என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 48 முறை சுற்றும். ஆகவே அதிர்வு 12 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 12 முறை) என்றால் டயர், வீல். 48 என்றால் ஷாஃப்ட்டின் எடைச் சமநிலை அல்லது வளைவு. 96 என்றால் கிராஸ் ஜாயின்ட் கோணம். கோணத்தில் ஓடும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூட்டிக் குறைப்பதால்தான் இந்த இரட்டிப்பு. மொபைலில் அதிர்வு அளக்கும் ஆப் இதற்குப் போதும். ஆனால் நொடிக்கு 100 முறை மட்டும் பதிவு செய்யும் சென்சார் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது. அப்படிப்பட்ட போனில் வேகத்தைக் குறைத்து அளக்க வேண்டும்.

இனி வண்டிக்கு அடியில். ஸ்டாண்டைச் சேஸிஸில் கொடுக்காமல் பின் ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள். ஆக்சில் தொங்கினால் கோணமே மாறிவிடும், அளந்தது வீண். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். கிராஸ் கப் ஓரத்தில் செந்துரு பொடியாக வெளியே வந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் வறண்டுவிட்டது. ஆட்டம் இல்லை என்பதால் கிராஸ் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். இறுகிப்போன கிராஸிலும் ஆட்டம் இருக்காது, ஆனால் அதிர்வு வரும். ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு எல்லாப் பக்கமும் மடக்கிப் பார்த்தால், நடு நிலையில் வரும்போது ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்வது விரலுக்குத் தெரியும். குழாயில் நசுங்கல், ஒட்டிக் காய்ந்த சேறு, பேலன்ஸ் எடை பிய்ந்துபோன இடத்தில் வெல்டிங் பொட்டுத் தழும்பு ஆகியவற்றையும் பாருங்கள். கழற்றும் முன் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), ஸ்லிப் யோக் (ஸ்பிளைன் என்ற பல்வரிசையில் முன்னும் பின்னும் நகரும் கவை) இரண்டிலும் பெயின்ட் கோடு போட மறக்கக் கூடாது. ஸ்பிளைன் ஒரு பல் தள்ளி ஏறினாலும் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்காமல், முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வரும்.

உயரம் ஏற்றிய பிக்கப்பில் பெரும்பாலும் கோணம்தான் குற்றவாளி. வண்டி அதன் வழக்கமான உயரத்தில் நிற்க, டிஜிட்டல் கோணமானியால் கியர் பாக்ஸ் அவுட்புட், ஷாஃப்ட் குழாய், பினியன் மூன்றின் சரிவையும் அளக்கவும். கியர் பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரியும் ஷாஃப்ட் 5.5 டிகிரியும் சரிந்தால் முன் ஜாயின்ட் கோணம் 2.5. பினியனும் 3 டிகிரியில் இருந்தால் பின் கோணமும் 2.5, ஒன்று கூட்டியதை மற்றது குறைத்துவிடும். உயரம் ஏற்றப் பட்டைக்கு (லீஃப் ஸ்பிரிங்) அடியில் வைத்த பிளாக் பினியனை 1 டிகிரிக்குத் திருப்பிவிட்டால் பின் கோணம் 4.5. அந்த 2 டிகிரி வித்தியாசம் உங்கள் சீட்டுக்கு வந்து சேரும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் 1 முதல் 3 டிகிரிக்குள்ளும், இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள்ளும் இருப்பது நல்லது. பூஜ்ஜியமும் கூடாது. ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் போட்டுவிடும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்தால் பினியன் கோணம் திரும்பும். லோடு ஏற்றினால் கோணம் மாறும் என்பதால், எப்போதும் சுமையோடு ஓடும் வண்டியைச் சுமையோடுதான் அளக்க வேண்டும்.

கோணம் சரி, 48 ஹெர்ட்ஸ் அதிர்வு மட்டும் மிச்சம் இருக்கிறதா? டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவி) வைத்து குழாயின் வளைவைப் பாருங்கள். வரம்பு வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் நேராக்காமல் பேலன்ஸ் செய்வதில் பயன் இல்லை. பேலன்ஸ் மட்டும்தான் குறை என்றால் ஹோஸ் கிளிப் போதும். குழாயின் பின் முனையில் நான்கு சம குறிகள் போட்டு, கிளிப்பின் திருகு தலையை ஒவ்வொரு குறியிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். குறைந்த இடம் கிடைத்ததும் அங்கேயே இரண்டாவது கிளிப். அதிகமாகிவிட்டால் இரண்டு தலைகளையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சம அளவில் நகர்த்தினால் எடையின் விளைவு குறையும். ஃபிளாஞ்ச் வகை ஷாஃப்ட் என்றால், அதற்கு முன்பே 180 டிகிரி திருப்பிப் பூட்டிப் பார்க்கலாம், செலவே இல்லை.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பினியன் பேரிங் போய்விட்டது, எந்த ஷாஃப்ட்டை மாட்டினாலும் அதிர்வு நிற்காது. நட்டை மட்டும் இறுக்கிச் சமாளிக்க நினைக்காதீர்கள். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் (பேரிங் இறுக்கத்தை நிர்ணயிக்கும் குழல்) உள்ள வகை என்றால், கூடுதலாக இறுக்கினால் பேரிங் சூடேறிச் சீக்கிரமே தேய்ந்துவிடும். புது பேரிங், புது ஸ்லீவ், புது நட் போட்டு, திருப்பும் விசையை அளந்து இறுக்க வேண்டும்.