ஹூஸ்டனின் தெற்குப் பக்கம்: அந்த ஊர் ராப் பிறந்த தெருக்களில் ஒரு சுற்று

ஹூஸ்டனில் உறவினர் இருக்கிற தமிழர்களுக்கு 288ஆம் எண் நெடுஞ்சாலை நன்றாகத் தெரிந்திருக்கும். நகர மையத்திலிருந்து நேரே தெற்கே இறங்கி, பியர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் கொண்டுபோய் விடும் சாலை அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டுப்புடவையும் அர்ச்சனைக் கூடையுமாகப் போகிற கார்கள் நடுவில் எங்கேயும் இறங்குவதில்லை. அந்த நடுவில்தான் தேர்டு வார்டு, சன்னிசைடு, சவுத் பார்க் எல்லாம் இருக்கின்றன. அமெரிக்காவின் தெற்குப் பகுதிக்கு ராப் இசையில் ஒரு இடம் உண்டு என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் பலர் அந்தத் தெருக்களில் வளர்ந்தவர்கள்.

கல்லூரிக் காலத்திலிருந்து இந்தப் பாட்டுகளைக் கேட்டு வருகிறேன். அக்கா வீட்டுக்குப் போனபோது, முதல் வாரம் முழுக்கக் கோயிலும் காஸ்ட்கோவும்தான். அப்புறம் அக்கா மகனைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே பிறந்து வளர்ந்தவன். "சித்தி, நீங்க சொல்ற எக்ஸிட்ல நான் இறங்கினதே இல்லை" என்றான். "அப்போ இன்னைக்கு இறங்கலாம், வண்டியை எடு" என்றேன்.

முதலில் போனது நகர மையத்துக்கு வடகிழக்கே இருக்கும் ஃபிஃப்த் வார்டு. 19ஆம் நூற்றாண்டில் ஹூஸ்டனை ஆறு வார்டுகளாகப் பிரித்திருந்தார்கள். அந்த நிர்வாகப் பிரிவு எப்போதோ போய்விட்டது, பெயர்கள் மட்டும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டன. இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் இந்த வார்டை ஊடறுத்துப் போகின்றன. அவற்றுக்காக இடிக்கப்பட்ட வீடுகளும் கடைகளும் திரும்பி வரவேயில்லை. லயன்ஸ் அவென்யூவில் நடந்தபோது மேலே லாரிகள் போகும் இரைச்சல் கூடவே வந்தது. நடுநடுவே காலி மனைகள், சின்னச் சின்ன தேவாலயங்கள், 1941இல் திறந்து பல காலம் மூடிக் கிடந்து மறுபடி எழுந்த டீலக்ஸ் தியேட்டர்.

ராப்புக்கு முன்பே இது இசைக்காரர்களின் பேட்டை. டான் ரோபி என்ற கறுப்பின வியாபாரி 1940களில் எராஸ்டஸ் தெருவில் ப்ரான்ஸ் பீகாக் (வெண்கல மயில்) என்ற கிளப்பை நடத்தினார். பிறகு பீகாக் ரெகார்ட்ஸ் என்று சொந்தக் கம்பெனியே தொடங்கினார். எல்விஸ் பிரெஸ்லி பாடிப் பெயர் வாங்கிய 'ஹவுண்ட் டாக்' பாட்டை அவருக்கு முன்பே பிக் மாமா தார்ன்டன் பாடி வெளியிட்டது இந்தக் கம்பெனியில்தான். நியூயார்க்கை எதிர்பார்க்காமல் சொந்தமாக ரெகார்டு போட்டு விற்பது இந்தத் தெருவுக்குப் பழகிய வேலை. ராப் வந்தபோது நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

ஜேம்ஸ் பிரின்ஸ் ஃபிஃப்த் வார்டில் வளர்ந்தவர், பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர். தம்பிக்கு ராப் பைத்தியம். ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனால் உன் பாட்டுக்கு நான் காசு போடுகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார். 1986-87 வாக்கில் ராப்-எ-லாட் ரெகார்ட்ஸ் பிறந்த கதை இது. கெட்டோ பாய்ஸ் என்ற குழுவின் முதல் வடிவத்தில் அந்தத் தம்பியும் இருந்தார். 1988இல் வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டால் நியூயார்க்கின் ரன்-டி.எம்.சி. ராப் குழுவின் சாயல் தூக்கலாகத் தெரியும். அது பெரிதாக எடுபடவில்லை. ஆட்களை மாற்றினார்கள்.

புதிதாக வந்த வில்லி டி, ஃபிஃப்த் வார்டுக்காரர், குத்துச்சண்டை போட்டவர். அந்த நாளில் ரைன்ஸ்டோன் ராங்க்ளர் என்ற கிளப்பில் ராப் போட்டி நடக்கும். மேடையில் எதிராளியை வரிக்கு வரி மடக்க வேண்டும், ஜெயிப்பவரைக் கூட்டத்தின் சத்தம் தீர்மானிக்கும். அங்கே வாரா வாரம் ஜெயித்துப் பெயர் வாங்கியவர் அவர். ஸ்கார்ஃபேஸ் என்று பின்னாளில் உலகம் அறிந்த பிராட் ஜோர்டன் தெற்குப் பக்கத்துப் பையன், டி.ஜே.யாகத் தொடங்கியவர். ஜமைக்காவில் பிறந்த, உயரம் குறைந்த புஷ்விக் பில் முதலில் குழுவின் நடனக்காரர். நியூஜெர்சியிலிருந்து வந்த டி.ஜே. ரெடி ரெட் தாளங்களைப் பார்த்துக்கொண்டார். வடக்கும் தெற்கும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த ஊரில் இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே குழுவில் உட்கார வைத்தது பிரின்ஸின் சாமர்த்தியம் என்றுதான் நான் சொல்வேன்.

இவர்களுடைய ஆரம்பப் பாட்டுகளில் இருக்கும் வன்முறையும், பெண்களைப் பற்றிய வரிகளும் என்னால் இன்றும் முழுசாகக் கேட்க முடியாதவை. சில பாட்டுகளைத் தாண்டிவிடுகிறேன். 1990இல் அவர்கள் ஆல்பத்தை விநியோகிக்க கெஃபன் கம்பெனி மறுத்துவிட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல 1991இல் 'எங்களை நிறுத்த முடியாது' என்று பொருள்படும் தலைப்பில் அடுத்த ஆல்பம் வந்தது. வீட்டுச் சண்டையில் துப்பாக்கி வெடித்து ஒரு கண்ணை இழந்த புஷ்விக் பில்லை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தள்ளுபடுக்கையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் நண்பர்கள் நிற்க எடுத்த படம்தான் அட்டை. அந்தப் படத்துக்காக அவர் பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். பார்க்கிற நமக்கே மனசு என்னவோ செய்யும்.

ஆனால் அந்த ஆல்பத்தில்தான் 'மைண்ட் பிளேயிங் டிரிக்ஸ் ஆன் மீ' இருக்கிறது. சோல் இசைப் பாடகர் ஐசக் ஹேய்ஸின் பழைய கிட்டார் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் தூக்கம் வராத ஒருவன் பேசுகிறான். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், செத்துப்போகலாமா என்ற யோசனை, விட்டுப்போன பெண்ணின் நினைப்பு. பெரும்பகுதியை எழுதியவர் ஸ்கார்ஃபேஸ். பதின்ம வயதில் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் பெரிய ஆள் என்று எல்லா ராப்பர்களும் மார்தட்டிக்கொண்டிருந்த காலத்தில், எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு முரட்டுக் குழு சொன்னது. பில்போர்டு பட்டியலில் 23ஆம் இடம் வரை போனது அந்தப் பாட்டு. ஹூஸ்டனின் பெயர் ஊர் தாண்டிப் போனது அன்றைக்குத்தான். என்னைக் கேட்டால், தெற்கிலிருந்து வந்த ராப் பாட்டுகளில் இதை மிஞ்ச இன்றுவரை ஒன்று வரவில்லை.

மதியம் தேர்டு வார்டு. விடுதலை பெற்ற அடிமைகள் காசு சேர்த்து 1872இல் வாங்கிய எமன்சிபேஷன் பார்க்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில்தான் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகம். அதன் வானொலியில் கிட்ஸ் ஜாம் என்று ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. மற்ற நிலையங்கள் ராப்பைச் சீண்டாத 1980களில், உள்ளூர்ப் பிள்ளைகள் தங்கள் குரலை ரேடியோவில் கேட்டது அதில்தான். இந்த வார்டில் வளர்ந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஃப்ளாய்ட். 2020இல் மினியாபொலிஸில் போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் உயிர்விட்டவர். அவர் 'பிக் ஃப்ளாய்ட்' என்ற பெயரில் டி.ஜே. ஸ்க்ரூவின் கேசட்டுகளில் ராப் பாடியிருக்கிறார். இன்றும் அந்தக் குரல் அங்கே இருக்கிறது.

ஸ்க்ரூவுக்காகத்தான் நான் முக்கியமாகப் போனேன். ராபர்ட் ஏர்ல் டேவிஸ், 1971இல் பிறந்தவர், டெக்சஸில் ஸ்மித்வில் என்ற சின்ன ஊர்க்காரர். பிடிக்காத ரெகார்டுகளை ஒரு திருகாணியால் கீறிப் பாழாக்குவாராம், பெயர் அதனால் வந்தது. ஹூஸ்டனின் தெற்குப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அவர் செய்த வேலை இதுதான். இரண்டு டர்ன்டேபிள்களில் ஒரே ரெகார்டின் இரண்டு பிரதிகள். ஒன்று மற்றதைவிட ஒரு தாளத் தட்டு பின்னால் ஓடும். எந்த ரெகார்டின் சத்தம் கேட்க வேண்டும் என்று மாற்ற நடுவில் இருக்கும் நழுவு விசையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளத் தள்ள, ஒரு சொல் முடிந்த கையோடு மறுபடி வரும், ஒரு வரி உடைந்து திரும்பும். நண்பர்கள் மைக்கில் அந்த நிமிஷத்தில் தோன்றியதைப் பாடுவார்கள். எல்லாம் பதிவானபின் மொத்தத்தையும் வேகம் குறைத்து கேசட்டில் இறக்குவார். குரல்கள் கனத்துக் கீழே போகும். அவசரமாகத் தப்பிப்போன சொற்களெல்லாம் நின்று காதில் விழும்.

அதை ஹெட்போனில் கேட்டுப் புரிந்துகொள்ள முயன்று வெகுநாள் பிடிபடாமல் இருந்தது. ஜூலை மாத ஹூஸ்டனில், கண்ணாடி வழியாக வெயில் அடிக்க, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அரை மணி நேரம் காரில் போகிற ஊரில், அந்த வேகம்தான் சரி என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது.

அந்த கேசட்டுகள் நண்பர்களுக்கென்று தொடங்கியவை. எனக்கு இந்தப் பாட்டுகள் வேண்டும், நடுவில் என் பேரைச் சொல்லு, இன்னைக்கு என் பிறந்தநாள் என்று கேட்டு வாங்குவார்கள். சாம்பல் நிற மேக்ஸெல் கேசட்டில் கையாலேயே பெயர் எழுதிக் கொடுப்பார். அப்புறம் வெளியாட்கள் வர ஆரம்பித்தார்கள். விலை 10 டாலர். சாயங்காலமானால் தெருவில் கார் வரிசை. இவ்வளவு கார் எதற்கு வருகிறது, போதைப்பொருள் விற்கிறார்களோ என்று போலீஸ் சந்தேகப்பட்டதாம். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 1998இல் கலன் பூலவார்டில் கடை போட்டார். கடையில் அவருடைய சரக்கு மட்டும்தான்.

இப்போது கடை வெஸ்ட் ஃபூக்வா தெருவில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கடை. உள்ளே சுவரில் நீளப் பட்டியல். 300க்கும் மேற்பட்ட கேசட்டுகள் இப்போது குறுந்தகடுகளாக வருகின்றன, பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். நான் 'ஜூன் 27' கேட்டேன். 1996இல் ஒரு நண்பனின் பிறந்தநாளுக்காகப் பதிவானது. அதில் பிக் மோ, பிக் போக்கி, யங்ஸ்டார் எல்லோரும் முன்னேற்பாடு எதுவுமில்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே தாளத்தில் பாடிக்கொண்டே போவார்கள். ஹூஸ்டன்காரர்களுக்கு அந்தத் தேதியே ஒரு கொண்டாட்டம். கல்லாவில் இருந்தவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "முதல் தடவையா? கார்ல போட்டுக் கேளுங்க. மெதுவா ஓட்டுங்க" என்றார்.

கார் என்றால் அங்கே ஸ்லாப். பழைய கெடிலாக் மாதிரி நீளமான வண்டி, மிட்டாய் நிற பெயிண்ட், பக்கவாட்டில் முழங்கை நீளத்துக்குத் துருத்திக்கொண்டு சுழலும் கம்பிச் சக்கரங்கள், டிக்கியைத் திறந்தால் உள்ளே விளக்கில் எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமை மெக்ரிகர் பார்க் பக்கம் அவை வரிசையாக ஊர்ந்து போனதைப் பார்த்தேன். அப்படிப் போகிறவர்களுக்கு ஸ்க்ரூ போட்ட பாட்டைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

சந்தோஷமாக எழுதிக்கொண்டே போக முடியவில்லை. ஸ்க்ரூ 2000 நவம்பரில், 29 வயதில், கோடீன் கலந்த இருமல் மருந்தும் மற்ற போதைகளும் சேர்ந்து உயிரை வாங்க, இறந்துபோனார். அவர் கூட்டாளி ஃபேட் பேட் 1998இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபேட் பேட்டின் அண்ணன் பிக் ஹாக் 2006இல் அதே மாதிரி. பிக் மோ 2007இல் இறந்தார். பிக் போக்கி 2023இல் மேடையிலேயே சரிந்து விழுந்தார். அந்த மருந்தைப் பெருமையாகப் பாடுகிற பாட்டுகள் இன்றும் வருகின்றன, அவற்றைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஸ்க்ரூவின் ரெகார்டுகளில் ஆயிரத்துக்கும் மேல் இப்போது ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் இருக்கின்றன. தமிழ் இருக்கைக்காக நம்மவர்கள் நிதி திரட்டினார்களே, அதே பல்கலைக்கழகம்தான். தேய்ந்த உறைகளையும், அவற்றின் மேல் இருக்கும் கை எழுத்தையும் கிட்டத்தில் பார்த்தபோது, எவ்வளவு பரந்து கேட்டிருக்கிறார் இந்த மனுஷன் என்று மலைத்துப்போனேன்.

திரும்பும் வழியில் அக்கா மகன் சண்டைக்கு வந்தான். 2005இல் மைக் ஜோன்ஸ், பால் வால், ஸ்லிம் தக் எல்லாம் வந்த பிறகுதானே ஊருக்குப் பேர் என்றான். அவர்கள் வடக்குப் பக்க ஸ்விஷாஹவுஸ் கம்பெனி வழியாக வளர்ந்தவர்கள். டெலிவிஷனில் ஹூஸ்டனைக் காட்டியது அவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பெனி எழுந்ததே ஸ்க்ரூவின் பாணியை வடக்குக்குக் கொண்டுபோய்த்தான். கடன் யாரிடம் வாங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியும். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1980களில், சவுத் பார்க் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து கே-ரினோ ஒரு கூட்டணி அமைத்தார். பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார். வரிக்கு வரி பார்த்தால் அந்த ஊரின் தலைசிறந்த எழுத்துக்காரர் அவர் என்பேன். 90 மைல் தள்ளிப் போர்ட் ஆர்தரிலிருந்து வந்த பன் பி, பிம்ப் சி இருவரின் யு.ஜி.கே. குழுவையும் ஹூஸ்டன் தன் பிள்ளைகளாகவே வைத்துக்கொண்டது. அவர்களுக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

போகிறவர்களுக்கு: நூலகத் தொகுப்பைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். கடைக்குப் போனால் 'ஜூன் 27' வாங்குங்கள். ஸ்லாப் பார்க்க ஞாயிறு சாயங்காலம்தான் நேரம். ஸ்கார்ஃபேஸின் 1994 ஆல்பம் 'தி டைரி'யைப் போகும் முன்பே ஒரு தரம் முழுசாகக் கேட்டுவிட்டால், சவுத் பார்க்கில் காரை விட்டு இறங்கும்போது எங்கே இருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அக்கா மகன் அதை இப்போதுதான் கேட்டு முடித்திருக்கிறான், அடுத்து என்ன கேட்பது என்று நேற்று மெசேஜ் வந்தது.