கொக்குவில் ஸ்ரேசனில் ஒரு பௌதிக வகுப்பு

நம் பௌதிக மாஸ்ரர் காலமான செய்தி கிடைத்த நாளிலிருந்து எனக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஸ்ரேசன் நினைவாகவே இருக்கிறது. மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து சீசன் ரிக்கற்றில் வந்து படித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அவரும் நம்மோடுதான் பின்னேரக் கோச்சிக்கு, அதாவது ரயிலுக்கு, காத்திருப்பார்.

1956இல் கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியபின் டீசல் எஞ்சின்தான் ஊரெல்லாம் புதினம். ஆனாலும் நம் கோச்சியை அப்போதும் கரி எஞ்சின்தான் இழுத்தது. வீடு போய்ச் சேரும்போது வெள்ளைச் சேட்டின் கழுத்துப்பட்டி கறுத்திருக்கும்.

"கைகாட்டி விழுந்திட்டுது, எல்லாரும் யாழ்ப்பாணப் பக்கம் பாருங்கோ" என்பார் மாஸ்ரர். தூரத்தில் எஞ்சின் கூவும்போது அதன் மேல் வெள்ளை ஆவி குப்பென்று எழும். சத்தம் இராது. அவர் கைமணிக்கூட்டைப் பார்த்தபடி எண்ணுவார். மூன்றாவது விநாடியில்தான் கூவல் காதில் விழும். "ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி போகும். இப்ப சொல்லும் தம்பி, எஞ்சின் எவ்வளவு தூரத்தில கூவினது?" 3,300 அடி, அரை மைலுக்கும் மேல். ஒளி உடனே வந்துவிடுகிறது, ஒலி பின்னால் நடந்து வருகிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் கண்டுகொண்ட அந்தப் பின்னேரத்தில்தான் பௌதிகம் என்னைப் பிடித்துக்கொண்டது. டீசல் எஞ்சினின் ஹோர்னில் ஆவி எழாது. நீராவி எஞ்சின்கள் போனதோடு அந்தப் பாடமும் போய்விட்டது.

1990 ஜூனோடு, போரால், கோச்சியே நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் பாதை திரும்ப வந்தது. இடையில் மாஸ்ரர் எத்தனையோ இடம் மாறினார், நாட்டைவிட்டு மட்டும் போகவில்லை. ஓய்வு பெற்றபின்னும் திண்ணையில் இருத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அவர் படிப்பித்த பௌதிகம் என்னை எஞ்சினியராக்கி லண்டனுக்குக் கொண்டுவந்தது. அவருடைய கெட்டிக்காரப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் வெளிக்கிட்டோம். அதற்காக அவர் யாரையும் நொந்ததில்லை. ரெலிபோனில் கதைக்கும்போது, "இஞ்ச பௌதிகம் படிப்பிக்க ஆள் இல்லைத் தம்பி" என்று மட்டும் சொல்வார். நாங்கள் ஆய்வுகூடத்துக்குக் காசு சேர்த்து அனுப்பினோம். நல்ல காரியந்தான், அவரும் மனம் நிறைந்து நன்றி சொன்னார். ஆனால் அவர் கேட்டது காசு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.