டீச்சரிடம் சொன்னால் மட்டும் போதாது

பிள்ளைக்குக் கற்பதில் ஏதோ சிரமம் என்று தோன்றினால், அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர், "டீச்சர்கிட்ட சொல்லியாச்சு, பார்க்கலாம்னாங்க" என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுங்கள். "என் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று முழு மதிப்பீடு செய்யக் கோருகிறேன்" என்று தேதியோடு ஒரு மின்னஞ்சல். ஒன்று, மதிப்பீட்டுக்குப் பள்ளி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும்; இல்லை, மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மதிப்பீட்டை முடிக்க, சம்மதம் கொடுத்ததிலிருந்து 60 நாள் கெடு என்கிறது ஐடியா (IDEA) என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம். சில மாநிலங்கள் தனிக் கெடு வைத்திருக்கின்றன. செலவு பள்ளியுடையது.

எனக்கு எரிச்சல் வரும் பதில் ஒன்று உண்டு: "வீட்டுல தமிழ் பேசுறீங்க, அதான் இங்கிலீஷ் வரல, பொறுங்க." குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது, இரண்டு மொழி பேசுவது தள்ளிப்போடக் காரணமே அல்ல. முடிந்தவரை பிள்ளைக்குப் பழகிய மொழியில்தான் சோதிக்க வேண்டும். இதற்காகப் பள்ளி உங்களோடு நடத்தும் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், இலவசம். "பாஸ் பண்றானே" என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் செல்லாது.

பள்ளியின் மதிப்பீட்டு அறிக்கையில் உடன்பாடு இல்லையா? பள்ளியின் செலவிலேயே வெளி நிபுணரின் மதிப்பீடு கேளுங்கள். மறுத்தால், தங்கள் மதிப்பீடு சரிதான் என்று விசாரணையில் பள்ளிதான் காட்ட வேண்டும்.

அப்புறம், கூட்டத்தில் நீட்டுகிற தாளில் அங்கேயே ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைக்கான கையெழுத்து வேறு. "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்றால் யாரும் கோவிக்க மாட்டார்கள். கோவித்தால்தான் என்ன!