கொடியில் இடமில்லை

இன்று காலை இட்லித் தட்டின் குழிகளில் மாவு காய்ந்து இறுகியிருந்தது. அதை ஊறவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், மழைக்காகக் குறுக்கே கட்டிய கொடியில் நேற்றைய பள்ளிச் சீருடைகள் இன்னும் ஈரமாகவே தொங்கின.

துணி துவைக்கத்தான் இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். சட்டைப் பைகளைத் துழாவுவதையும், சாயம் போகும் துணியைப் பிரிப்பதையும், காலர் அழுக்கைத் தேய்ப்பதையும், துவைத்ததை உதறிக் காயப்போட்டு, மடித்து, அவரவர் அலமாரியில் சேர்ப்பதையும் அது செய்வதில்லை.

"அப்போல்லாம் ஆளுக்கு நாலு துணிதானேம்மா" என்றார் மாமியார். உண்மைதான், இயந்திரம் வந்தபின் ஒருமுறை உடுத்தியதெல்லாம் அழுக்குக் கூடைக்குப் போகிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். 2019இல் அவை 299, 97 என்று இருந்தன. பெண்களுக்குக் குறைந்த பத்து நிமிடங்கள் ஆண்களிடம் போய்ச் சேரவில்லை என்பதும், அவர்களுக்கும் ஒன்பது நிமிடங்கள் குறைந்திருக்கின்றன என்பதும்தான் எனக்கு வியப்பு.

எங்கள் வீட்டில் இப்போது சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். மாலையில் மகனும் அவன் அப்பாவும் துணி மடிக்கிறார்கள். மடிப்பு கோணலாகத்தான் இருக்கிறது; நான் திருத்துவதில்லை.